அம்மாவுக்கு மலத்தில் ரத்தம் பாசிட்டிவ், தம்பிக்குக் கால்ப்ரொடெக்டின் 380: ஸ்கோப் இல்லாமல் தெரிந்துகொள்ள வழி உண்டா?

சிறுமலை (திண்டுக்கல்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே மாதத்தில் வீட்டில் இரண்டு பேருக்கு மலப் பரிசோதனை ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

முதலில் தம்பி. வயது 26. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. ஐந்தாறு மாதமாக வயிறு சரியில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து முறை போகிறான், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்தும் போகிறான். வலது பக்க அடிவயிற்றில் வலி. ஆறு கிலோ குறைந்துவிட்டான். முதலில் பார்த்த டாக்டர் "ஐ.பி.எஸ்தான், குடலில் அழற்சி எதுவும் இல்லாத கோளாறு, டென்ஷனைக் குறை" என்று மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை என்றதும் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். 380 வந்திருக்கிறது. 50-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் அடிக்கடி போடுவான், கூடவே பான்டோபிரசோலும்.

அம்மாவுக்கு 58. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். மூலம் ரொம்ப வருடமாக உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டுவது) குறைவு. மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று 'ஃபிட்' முறையில் பார்த்தார்கள். பாசிட்டிவ் என்று மட்டும் வந்தது, எண் எதுவும் இல்லை. டாக்டர் உடனே கொலோனோஸ்கோபிக்கு (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் ஸ்கோப்) எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். "அது மூலத்து ரத்தம், இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள்" என்கிறார். பெரியப்பா மகன், சி.இ.ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தால் கேன்சர் தெரிந்துவிடும், ஸ்கோப் எதற்கு என்கிறார். அமெரிக்காவில் ரத்தத்திலேயே கண்டுபிடிக்கும் டெஸ்ட் வந்துவிட்டதாகவும் சொல்கிறார். தம்பியோ தனக்கும் கேன்சர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதில்லை.

380 என்றால் என்ன அர்த்தம்? அம்மாவுக்கு ஃபிட்டை மறுபடி எடுக்கலாமா? குழாய் விடாமல் இரண்டு பேருக்கும் முடிவு தெரிந்துகொள்ள முடியாதா?

உறையூர்க்காரி (திருச்சி) எழுதியது:

சிறுமலை, நான் டாக்டர் இல்லை. இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளைத் தயாரிக்கிற பயோகெமிஸ்ட்ரி ஆய்வகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். எண்ணை அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அந்த எண்ணை வைத்து வீட்டில் என்ன முடிவு எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் கவலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்: கால்ப்ரொடெக்டின் கேன்சர் டெஸ்ட் இல்லை. நம் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை வெள்ளணு இருக்கிறது. அதன் உள்நீரில் உள்ள புரதத்தில் பாதிக்கு மேல் இந்தக் கால்ப்ரொடெக்டின்தான். 1980-ல் நார்வேக்காரர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள், 1990-களின் தொடக்கத்தில் மலத்தில் அளக்கும் முறையும் அங்கிருந்தே வந்தது. குடல் சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோஃபில்கள் அங்கே கூடி, குடலுக்குள் கசிந்து, மலத்தோடு வெளியேறுகின்றன. குடல் பாக்டீரியாக்களால் இந்தப் புரதத்தை எளிதில் சிதைக்க முடியாது. அதனால்தான் நாங்கள் மலத்தில் அளக்க முடிகிறது.

வாசலில் செருப்புக் குவிந்து கிடந்தால் உள்ளே கூட்டம் என்று தெரியும். கல்யாணமா காரியமா என்று செருப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. கால்ப்ரொடெக்டின் எண்ணும் அப்படித்தான். குடல் அழற்சி நோய்களான கிரோன் நோயிலும் ஏறும், அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் ஏறும். சால்மொனெல்லா, ஷிகெல்லா, அமீபா தொற்றிலும் ஏறும். குடல் காசநோயிலும் ஏறும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளே குடலில் சின்னச் சின்னப் புண்ணை உண்டாக்கி அதை ஏற்றிவிடும். பான்டோபிரசோல் வகை மாத்திரைகளாலும் கூடக்கூடும். தம்பி இரண்டையும் சாப்பிடுகிறார் என்கிறீர்கள். ஆய்வகத்தில் மாதிரி வாங்கும்போது இதை யாராவது கேட்டார்களா? பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்டுக் குறித்திருந்தால் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

எண்ணைப் பொதுவாக இப்படிப் பார்ப்பார்கள். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஐ.பி.எஸ் என்று தைரியமாக மருத்துவம் பார்க்கலாம். 250-க்கு மேலே என்றால் அழற்சி உண்மையாகவே நடக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். நடுவில் வந்தால் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். இந்த டெஸ்ட்டின் உண்மையான பலம் 'இல்லை' என்று சொல்வதில் இருக்கிறது. குறைந்த எண் வந்தால் எத்தனையோ பேர் தேவையில்லாத ஸ்கோப்பிலிருந்து தப்பிக்கிறார்கள். அதிகமாக வந்தால், ஏன் என்று தேட வேண்டிய வேலை அங்கேதான் தொடங்குகிறது.

வலி மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று நான்கு வாரத்தில் திரும்ப எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அதையே காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி ஐ.பி.எஸ்ஸின் குணம் இல்லை. ஆறு கிலோ குறைவதும் இல்லை. வலது அடிவயிறு என்பது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம். கிரோன் நோய்க்கும் அதுதான் பிடித்த இடம், குடல் காசநோய்க்கும் அதேதான். நம் ஊரில் இந்த இரண்டையும் பிரித்தறிவது அனுபவமுள்ள குடல் மருத்துவர்களுக்கே பெரிய சவால். கால்ப்ரொடெக்டினும், ரத்தத்தில் அழற்சியைப் பார்க்கும் சி.ஆர்.பி, இ.எஸ்.ஆர் எண்களும் இரண்டிலும் ஏறும். காசநோய் இருப்பவருக்குக் கிரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் காசநோய் பரவிவிடும். அதனால்தான் ஸ்கோப் வைத்து, சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை போய், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மலத்தில் எந்த எண்ணும் இந்த இடத்தில் அந்தத் துணுக்குக்கு ஈடாகாது.

அதற்கு முன்னால் மலத்தில் கிருமி, அமீபா இருக்கிறதா என்று பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் அதையும் கேளுங்கள். அது எளிதான டெஸ்ட்.

இப்போது அம்மா. உங்கள் பதிவில் எனக்குப் படபடப்பைத் தந்தது 380 இல்லை, அம்மாவின் 9.8-தான்.

ஃபிட் என்பது மனித ஹீமோகுளோபினின் குளோபின் பகுதியை ஆன்டிபாடி வைத்துப் பிடிக்கும் டெஸ்ட். மலத்தை அட்டையில் பூசி ரத்தம் பார்க்கும் பழைய குவாயக் அட்டை முறையில் முள்ளங்கியும் ஆட்டுக்கறியும்கூட பாசிட்டிவ் காட்டிவிடும், வைட்டமின் சி மாத்திரையோ இருக்கும் ரத்தத்தை மறைத்துவிடும். ஃபிட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, சாப்பாட்டுப் பத்தியம் வேண்டாம். வயிற்றிலோ சிறுகுடலின் மேல்பகுதியிலோ கசியும் ரத்தத்தின் குளோபின் கீழே வருவதற்குள் செரித்துவிடும். ஆகவே ஃபிட் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் பெருங்குடலிலிருந்தோ மலக்குடலிலிருந்தோ வந்த ரத்தம்.

மூலத்தாலும் பாசிட்டிவ் ஆகலாம், உண்மைதான். ஆனால் மூலம் இருப்பவருக்குப் பாலிப் (குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) இருக்காது என்று யார் சொன்னது? அந்த வயதில் இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது சாதாரணம். "மூலத்து ரத்தம்தான்" என்பதை உள்ளே பார்த்த பிறகுதான் சொல்ல முடியும், பார்ப்பதற்கு முன்னால் சொல்ல முடியாது.

மறுபடி எடுப்பதைப் பற்றி. தயவுசெய்து வேண்டாம். பாலிப்பும் கட்டியும் தினமும் ரத்தம் கசியவிடுவதில்லை. இன்று கசியும், நாலு நாள் நின்றுவிடும். இரண்டாவது டெஸ்ட் நெகட்டிவ் என்று வந்தால் முதல் பாசிட்டிவ் பொய் ஆகிவிடாது, அன்று கசியவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஆனால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகி ஸ்கோப்பை மறந்துவிடுவார்கள். எங்கள் கவுன்ட்டருக்கு "திரும்ப எடுத்துக் கொடுங்கள்" என்று வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பேன். கோபித்துக்கொண்டு வேறு ஆய்வகத்துக்குப் போகிறவர்களும் உண்டு.

நம் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின் சூட்டில் சிதையும். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் பகுதியில் கோடைகாலத்தில் ஃபிட் பாசிட்டிவ் வீதம் குறைவதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஃப்ளோரன்ஸ் கோடைக்கே அப்படியென்றால், சித்திரை மாதத்தில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்துவிட்டு வரும் நம் மாதிரிகளை நினைத்துப் பாருங்கள். சூட்டால் பொய்யான நெகட்டிவ்தான் வரும், பொய்யான பாசிட்டிவ் வராது. அம்மாவுக்கு இதையெல்லாம் மீறி பாசிட்டிவ் வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச் சத்துக் குறைவால் ரத்த சோகை வந்தால், ஃபிட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், வாய் வழியாக மேலேயும் ஆசனவாய் வழியாகக் கீழேயும் ஸ்கோப் பார்ப்பதுதான் வழக்கம். ரத்தம் எங்கோ போகிறது, எங்கே என்று தெரிய வேண்டும். கொக்கிப்புழுவாகவும் இருக்கலாம், வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம், பெருங்குடலின் வலது பக்கத்தில் சத்தமில்லாமல் வளரும் கட்டியாகவும் இருக்கலாம். அந்தப் பக்கத்துக் கட்டிகள் மலச்சிக்கலோ கண்ணுக்குத் தெரியும் ரத்தமோ காட்டாமல் மூச்சு வாங்குதல், சோர்வு என்றுதான் முதலில் தெரியவரும்.

பயப்படுத்துவதற்காக எழுதவில்லை. ஃபிட் பாசிட்டிவ் ஆனவர்களில் பெரும்பாலானோருக்குக் கேன்சர் இருக்காது. நிறையப் பேருக்குப் பாலிப்தான் கிடைக்கும், அதை ஸ்கோப்பிலேயே எடுத்துவிடுவார்கள். பாலிப் கேன்சராக மாற சுமார் பத்து வருடம் ஆகும் என்பது பொதுக் கணக்கு. இந்த டெஸ்ட்டின் பெரிய நன்மையே அந்த இடைவெளியில் பிடிப்பதுதான். கலிபோர்னியாவில் ஃபிட் பாசிட்டிவ் ஆன 70,000 பேரின் பதிவுகளைப் பார்த்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. சில வாரமோ சில மாதமோ தாமதமானவர்களிடம் பெரிய வித்தியாசம் இல்லை, 10 மாதத்தைத் தாண்டியவர்களிடம் கேன்சரும் முற்றிய நிலையும் கூடியிருந்தன. ஆகவே நாளைக்கே ஓட வேண்டியதில்லை. ஆனால் தை பிறக்கட்டும், பங்குனி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகக் கூடாது.

சி.இ.ஏ விஷயத்தில் உங்கள் பெரியப்பா மகன் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 1965-ல் மான்ட்ரியலில் கோல்டு, ஃப்ரீட்மேன் என்ற இருவர் கண்டுபிடித்தது அது. பெருங்குடல் கேன்சருக்கு ஆபரேஷன் ஆனவர்களிடம் நோய் திரும்புகிறதா என்று கவனிக்க அருமையான டெஸ்ட். கேன்சர் இருக்கிறதா என்று தேட உதவாது. ஆரம்ப நிலையில் பலருக்கு நார்மலாகவே இருக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒன்றும் இல்லாமலே கூடும். முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் 'கேன்சர் மார்க்கர்' என்று இதைச் சேர்த்து விற்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. நார்மல் என்று வந்த காகிதத்தை நம்பி அறிகுறிகளை அலட்சியப்படுத்துவார்கள்.

அமெரிக்க டெஸ்ட் நிஜம்தான். ஷீல்டு என்று பெயர், ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ துணுக்குகளைப் பார்க்கிறது. 2024 ஜூலையில் அங்கே அனுமதி கிடைத்தது. ஆய்வில் கேன்சர் இருந்தவர்களில் 83 சதவீதம் பேரைப் பிடித்தது. கேன்சராக மாறக்கூடிய பெரிய பாலிப்பில் 13 சதவீதம்தான். அதாவது எந்த நிலையில் பிடித்தால் அதிகப் பலனோ அந்த நிலையில் கைவிடுகிறது. மலத்தில் டி.என்.ஏ பார்க்கும் கொலோகார்டு 2014-லேயே வந்துவிட்டது. ஏறத்தாழ 10,000 பேரிடம் ஃபிட்டோடு ஒப்பிட்டார்கள். கேன்சரில் கொலோகார்டு 92 சதவீதம், ஃபிட் 74 சதவீதம். பெரிய பாலிப்பில் 42-க்கு 24. ஆனால் ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பாசிட்டிவ் காட்டுவதும் கொலோகார்டில் அதிகம். எல்லாவற்றையும் விட முக்கியம், இவற்றில் எது பாசிட்டிவ் ஆனாலும் அடுத்த படி கொலோனோஸ்கோபிதான். அம்மா அந்தப் படியில் ஏற்கெனவே நிற்கிறார். இனி எந்த ரத்தப் பரிசோதனைக்கும் அங்கே வேலை இல்லை.

நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதியது:

அக்கா எழுதியதற்கு மேல் நோயாளியாக நான் கொஞ்சம் சேர்க்கிறேன். எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். கண்டுபிடித்தது ஸ்கோப்பில். அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்றி வருவது கால்ப்ரொடெக்டின் என்றே சொல்வேன்.

சிறுமலை, தம்பிக்குக் குடல் அழற்சி நோய் என்றே வந்தாலும், ஒவ்வொரு முறையும் குழாய் விடுவார்களோ என்று அவர் பயப்பட வேண்டாம். நோய் இன்னது என்று முடிவானபின் மருந்து வேலை செய்கிறதா என்று பெரும்பாலும் மலத்திலும் ரத்தத்திலும்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஒரு தடவை ரத்தமும் இல்லை, வலியும் இல்லை, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் போகிறேன், ஆனால் எண் 600-ஐத் தாண்டியிருந்தது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். நான் "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றேன். அவர், உடம்பு சொல்வதற்கு முன்பே குடல் சொல்கிறது என்றார். சில வாரத்தில் எண் இறங்கியது, அந்த முறை படுக்கையில் விழவில்லை.

இது ஒரு டாக்டரின் பழக்கம் மட்டும் இல்லை. கிரோன் நோயாளிகளிடம் கால்ம் என்ற பெரிய ஆய்வு 2017-ல் வெளியானது. ஒரு பிரிவில் அறிகுறியை வைத்து மட்டும் மருந்தைக் கூட்டினார்கள். இன்னொரு பிரிவில் கால்ப்ரொடெக்டின் 250-ஐத் தொட்டாலோ சி.ஆர்.பி 5-ஐத் தொட்டாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் கூட்டினார்கள். 48 வாரம் கழித்து உள்ளே பார்த்தபோது குடல் ஆறியிருந்தவர்கள் முதல் பிரிவில் 30 சதவீதம், இரண்டாவதில் 46 சதவீதம். என் டாக்டர் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டிய நாளிலிருந்து நான் டெஸ்ட்டைத் தவறவிட்டதில்லை.

நடைமுறை விஷயங்கள் சில. எப்போதும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். ஒவ்வொரு கம்பெனி கிட்டும் ஒவ்வொரு எண் காட்டும், 180-ஐயும் 300-ஐயும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். காலையில் முதல் முறை போவதைப் பிடியுங்கள். கழிப்பறைத் தண்ணீர் படக் கூடாது, காகிதமோ பழைய டப்பாவோ வைத்துப் பிடித்து, கிட்டோடு வரும் குச்சியால் எடுத்தால் சுலபம். உடனே கொடுக்க முடியாவிட்டால் நன்றாக மூடி, கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. எனக்கு சி.ஆர்.பி பெரும்பாலும் நார்மல்தான், நோய் உச்சத்தில் இருக்கும்போது கூட. அது கல்லீரலில் உற்பத்தியாகும் புரதம், கொலைட்டிஸில் பலருக்கு ஏறுவதில்லையாம். அதனால் ரத்தம் நார்மல் என்று தம்பியை யாராவது திருப்பி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. கால்ப்ரொடெக்டின் குறைவாக இருந்தாலும், நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனபின் எனக்குக் கண்காணிப்பு ஸ்கோப் உண்டு. நீண்ட நாள் கொலைட்டிஸில் கேன்சர் வாய்ப்பு கூடுகிறது, அதை மல டெஸ்ட்டை நம்பி விட முடியாது என்றார்கள். அக்கா, அவர்கள் சொல்வது சரிதானே?

வடமராட்சி (லெஸ்டர்) எழுதியது:

நான் இங்கிலாந்தில் ஒரு குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் பருத்தித்துறை. ஃபிட் ரிப்போர்ட்டில் எண் இல்லை என்று சிறுமலை எழுதியதைப் பார்த்துத்தான் இதை எழுத நினைத்தேன்.

இங்கே 50 முதல் 74 வயது வரை உள்ள எல்லோருக்கும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஃபிட் கிட் தபாலில் வீட்டுக்கே வரும். வைத்தியரைக் காணத் தேவையில்லை. ஒரு சின்னக் குச்சியால் தொட்டு எடுத்து, குப்பிக்குள் போட்டு, திகதி எழுதித் தபாலில் போட்டால் சரி. 2019-க்கு முதல் பழைய குவாயக் அட்டைதான். மூன்று வெவ்வேறு நாள் மலத்தை எடுத்துப் பூச வேண்டும், எங்கள் சனம் பலர் தொடவே மாட்டார்கள். ஃபிட் வந்த பிறகு நிறையப் பேர் செய்கிறார்கள்.

ஆனால் ஒரே டெஸ்ட்டுக்கு இரண்டு வேறு வரம்புகள் உண்டு. ஒரு குறையும் இல்லாதவர்களைத் தேடும் திட்டம் இங்கிலாந்தில் தொடங்கியபோது வரம்பு ஒரு கிராமுக்கு 120 மைக்ரோகிராம், ஸ்கொட்லாந்தில் 80. அறிகுறியோடு வைத்தியரிடம் வருபவர்களுக்கு வரம்பு வெறும் 10. இங்கே மருத்துவ வழிகாட்டல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2023 ஓகஸ்டில் கொடுத்த வழிகாட்டல் அது. இரத்தசோகை, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாற்றம், எடை குறைதல் என்று வந்தால் முதலில் ஃபிட் எடுப்போம், 10 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரப் பட்டியலில் வைத்தியசாலைக்கு அனுப்புவோம். ஆகவே உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் எண் இருந்திருந்தால் நல்லது. என்றாலும் அவர் அறிகுறியோடு வந்தவர். சின்ன எண்ணாக இருந்தாலும் இங்கே அனுப்பியிருப்போம்.

இன்னுமொன்றும் சொல்ல வேண்டும். ஃபிட் 10-க்குக் கீழே வந்துவிட்டது என்பதற்காக யாரையும் "ஒன்றும் இல்லை, போய் வாருங்கள்" என்று நாங்கள் விடுவதில்லை. அறிகுறி தொடர்ந்தால் திரும்ப வரச் சொல்லித் திகதி கொடுப்போம். என் சொந்தக்காரர் ஒருவர் நெகட்டிவ் வந்த பிறகும் இளைத்துக்கொண்டே போனார், வைத்தியர் விடாமல் அனுப்பினார், குடலில் கட்டி இருந்தது. நேரத்தோடு சத்திரசிகிச்சை செய்து இப்போது நல்ல சுகம்.

கால்ப்ரொடெக்டினையும் 2013-லிருந்து நைஸ் பரிந்துரைக்கிறது, ஆனால் நிபந்தனையோடு: ஐ.பி.எஸ்ஸா குடல் அழற்சி நோயா என்று பிரிக்க மட்டும், கேன்சர் சந்தேகம் இல்லாதபோது. 58 வயது இரத்தசோகைக்காரருக்குக் கால்ப்ரொடெக்டின் எடுத்துக் குறைவாக இருக்கிறது என்று சந்தோஷப்படக் கூடாது. 26 வயதுத் தம்பிக்கு எடுத்தது சரியான டெஸ்ட்.

சிறுமலை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. உறையூர்க்காரி அக்கா எழுதியதை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூலம் இருந்தால் பாலிப் இருக்காது என்று யார் சொன்னது என்ற இடத்தில் "இன்னொரு தடவை படி" என்றார். பத்து வருட இடைவெளி என்பதைக் கேட்டபின் கொஞ்சம் இறங்கி வந்தார். பயம் டெஸ்ட்டில் இல்லை, முதல் நாள் குடிக்கும் பேதி மருந்திலும், ஆண் டாக்டர் செய்வார் என்பதிலும்தான் என்று அப்புறம்தான் சொன்னார். பெண் டாக்டர் இருக்கும் இடமாக மதுரையில் விசாரித்துத் தேதி வாங்கிவிட்டோம்.

தம்பி டைக்ளோஃபினாக்கை நிறுத்தி ஒரு மாதம் ஆகப் போகிறது. மறுபடி எடுத்ததில் 310. கிருமி, அமீபா இல்லை. குடல் மருத்துவர் ஸ்கோப் எழுதியிருக்கிறார்.

இரண்டு கேள்வி பாக்கி. அம்மாவுக்கு ஸ்கோப் வேண்டாம், சி.டி. ஸ்கேனிலேயே குடலைப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? இரும்பு மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், அதைத் தொடரலாமா?

உறையூர்க்காரி எழுதியது:

தேதி வாங்கியது தெரிந்து மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. அம்மா தன் பயத்தை வெளியே சொன்னது நல்லது. பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை, மயக்க மருந்து கொடுத்துச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள்.

சி.டி. கொலோனோகிராஃபி என்று ஒன்று உண்டு. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பாலிப்பை நன்றாகவே காட்டும். இதய நோய், வயோதிகம் என்று ஸ்கோப் தாங்க முடியாதவர்களுக்கு அது நல்ல மாற்று. ஆனால் அதற்கும் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆசனவாய் வழியாகக் காற்றும் செலுத்துவார்கள். ஏதாவது தெரிந்தால் எடுக்கவோ துணுக்கு வெட்டவோ முடியாது, திரும்பவும் ஸ்கோப்தான். அம்மாவுக்கு ரத்தம் கசிவது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஒரே தடவையில் பார்த்து எடுத்துவிடும் வழியே மேல் என்பது என் அபிப்பிராயம். முடிவை டாக்டர் சொல்லட்டும். மேல் ஸ்கோப்பையும் அதே நாளில் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள், ரத்த சோகைக்கு அதுவும் தேவைப்படும்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கி ஒட்டவைக்கும், குடல் சுத்தமாகாது. வழக்கமாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மினை எப்போது நிறுத்துவது, பேதி மருந்து குடிக்கும் நாளில் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதயத்துக்கு ஆஸ்பிரினோ ரத்தம் இளக்கும் மாத்திரையோ சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள், தாங்களாக நிறுத்த வேண்டாம்.

தம்பிக்கு 380 என்பது 310 ஆனது பெரிய இறக்கம் இல்லை. இந்த எண் ஒரே ஆளிடமே நாளுக்கு நாள் அவ்வளவு மாறும். மாத்திரை மட்டும் காரணமாக இருந்தால் இன்னும் நன்றாக இறங்கியிருக்கும், ஆகவே ஸ்கோப் எழுதியது சரி. போகும்போது டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: சிறுகுடல் முனை வரை போய் எடுக்கும் துணுக்கை ஃபார்மலினில் போட்டு நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவதோடு, தனியாக ஒரு துணுக்கை ஃபார்மலின் இல்லாமல் காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பர்ட் (கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) பரிசோதனைக்கும் அனுப்புவார்களா என்று. எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய முடியாது, திரும்பவும் ஸ்கோப் வைக்க வேண்டிவரும்.

நொய்யல், நீங்கள் கேட்டது சரிதான். எட்டு வருடக் கண்காணிப்பு ஸ்கோப்புக்கு மாற்றாக இன்றைக்கு எந்த மல டெஸ்ட்டும் இல்லை. அதைத் தவறவிடாதீர்கள்.